சுரங்க ரயிலில் வேலை பார்ப்பவர்களே, கதவு மூடும் நேரத்துக் கதைகளைப் போடுங்கள்

முன்பெட்டி:

சுரங்க ரயில் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். எவ்வளவு வேகம் போவீர்கள், உள்ளே ஒரே இருட்டாக இருக்குமே, தூக்கம் வராதா. கதவைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னைப் பாடாய்ப் படுத்துவது கதவுதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றவர்களும் உங்கள் பக்கத்தில் நடந்ததைப் போடுங்கள், ஸ்டேஷன் ஆட்கள், கண்ட்ரோல் ரூம், இரவு வேலைக்காரர்கள் எல்லோரும்.

எங்கள் லைனில் ஓட்டுவதைப் பெரும்பாலும் கணினியே பார்த்துக்கொள்ளும். புறப்படும் பட்டனை அழுத்தினால் வேகம் எடுப்பது, குறைப்பது, அடுத்த நிலையத்தில் கோட்டுக்குச் சரியாக நிற்பது எல்லாம் தானாக நடக்கும். கதவை மூடலாமா வேண்டாமா என்பது மட்டும் என் பொறுப்பு. எல்லாக் கதவும் மூடிப் பூட்டிக்கொண்டது என்று சர்க்யூட் சொன்னால்தான் மோட்டாருக்கு மின்சாரமே போகும், ஆறு பெட்டி வண்டியில் ஒரே ஒரு கதவு அடம்பிடித்தாலும் மொத்த வண்டியும் அங்கேயே நிற்கும்.

நிறையப் பேர் லிஃப்ட் கதவை நினைத்துக்கொண்டு கையை நீட்டுகிறார்கள். லிஃப்டில் இருக்கிற ஒளி சென்சார் பெரும்பாலான ரயில் கதவுகளில் கிடையாது. ஏதாவது ஒன்று நடுவில் மாட்டி, மூடும் மோட்டார் திணறிய பிறகுதான் கதவுக்கே விஷயம் தெரியும். முழங்கை, பெட்டி மாதிரி தடிமனான சாமான் என்றால் கண்டுபிடித்துத் திறந்துகொள்ளும். பையின் வார், சால்வை நுனி, ஹெட்போன் வயர் இதெல்லாம் ரப்பர் விளிம்புக்குள் பதுங்கிவிடும், சர்க்யூட்டும் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். எல்லாக் கதவும் மூடியது என்று காட்டும் விளக்கு எரிந்த பிறகும் கேமரா திரையை இன்னொரு முறை பார்ப்பது இதற்காகத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். காலை நெரிசல் நேரம். மூன்றாம் பெட்டியில் ஒருவர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை நடைமேடையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார், அவருடைய நண்பர் எஸ்கலேட்டரில் ஆற அமர இறங்கி வந்துகொண்டிருக்கிறார். கதவு மூடப் பார்க்கிறது, திறக்கிறது, மறுபடி மூடப் பார்க்கிறது. நான் மைக்கில், "மூன்றாம் பெட்டியில் நீலச் சட்டை போட்டவர் தயவுசெய்து கதவை விட்டு விலகவும்" என்றேன். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இன்னொரு நீலச் சட்டைக்காரர் நின்றதைப் பார்த்துவிட்டு, அவரை ஒரு முறை முறைத்தார் பாருங்கள்! அந்த அப்பாவி என்ன நினைத்தாரோ, வண்டியை விட்டே இறங்கிவிட்டார். அவர் காலி செய்த இடத்தில் நண்பர் ஏறிக்கொண்டார், கதவும் மூடியது. திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் என்ன செய்ய முடியும்.

இன்னொன்று. முதல் பெட்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கும் குழந்தைகளுக்கு ஒரு சந்தேகம் வரும், இந்த ஆள் தனியாக யாரோடு பேசுகிறார் என்று. சிக்னலை விரலால் சுட்டி, "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்வது எங்களுக்கு விதி. ஜப்பான் ரயில்வேயிலிருந்து வந்த பழக்கம் இது. அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994ல் செய்த சோதனையில், இப்படிச் சுட்டிச் சொல்லும்போது எளிய வேலைகளில் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. நியூயார்க்கில் நடுப்பெட்டியில் இருக்கும் கண்டக்டர், நடைமேடையில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் காட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். பலகை அவருக்கு நேரே இருந்தால் வண்டி முழுக்க நடைமேடைக்குள் நிற்கிறது என்று பொருள். ஒரு சிறுமி இறங்கும்போது என் ஜன்னலைத் தட்டி, "அவங்க பதில் சொன்னாங்களா?" என்று கேட்டாள். சொன்னாங்க என்றேன்.

திரைமுன்:

நான் கண்ட்ரோல் ரூம். முன்பெட்டி சொன்ன நீலச் சட்டைக் கதை என் திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி இருபது நொடி தாமதித்தால், அடுத்த நிலையத்தில் அந்த இருபது நொடிக்குள் இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏற இன்னும் சில நொடி. அதற்கடுத்த நிலையத்தில் இன்னும் அதிகம். தாமதம் போகப் போகத் தானாகவே வளரும். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடும். கடைசியில் ஒரு வண்டி பிதுங்கிக்கொண்டும் அதன் பின்னாலேயே ஒன்று காலியாகவும் வரும். பயணிகள், "ஏன்யா ரெண்டு வண்டியைச் சேர்த்து விடுறீங்க" என்பார்கள். நாங்கள் எங்கே சேர்த்து விடுகிறோம்!

இதற்கு மருந்து, தாமதமான வண்டிக்கு முன்னால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஒரு நிலையத்தில் கொஞ்சம் பிடித்து வைப்பது. இடைவெளி பெரிதாகிவிட்டால் நடுவில் இருக்கும் நிலையங்களில் கூட்டம் தாங்காது, அதனால் முன்வண்டியை நிறுத்தி இடைவெளியைப் பங்குபோடுவோம். அந்த வண்டியில் இருப்பவர்கள் முன்னால் பாதை காலியாக இருக்க நாம் ஏன் நிற்கிறோம் என்று கொதிப்பார்கள், அது நியாயமான கோபம்தான். ஆனால் பின்னால் மூன்றாம் நிலையத்தில் ஒருவர் கதவில் கால் வைத்தார் என்பதை மைக்கில் எப்படி விளக்குவது? "செயல்பாட்டுக் காரணங்களுக்காக" என்று முடித்துவிடுகிறோம். மாஸ்கோவில் நெரிசல் நேரத்தில் 90 நொடிக்கு ஒரு வண்டி விடுகிறார்கள். பல நிலையங்களில் நடைமேடைக் கோடியில் இருந்த கடிகாரம், முந்தைய வண்டி போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நெடுங்காலம் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

அப்புறம் கதவுக் கதை என்றால் என்னிடமும் ஒன்று உண்டு. வண்டிக்குள் இருந்து அவசர பட்டனை அழுத்தி ஒருவர், "பையன் நடைமேடையிலேயே நின்றுவிட்டான்" என்று கதறினார். வண்டி அதற்குள் சுரங்கத்தில். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்த பட்டன் சுரங்க நடுவில் வண்டியை நிறுத்தாது, ஓட்டுநரோடு பேச வைக்கும், வண்டி அடுத்த நிலையம் வரை போய்விடும். உதவி செய்ய ஆள் இருப்பது நிலையத்தில்தானே. நான் நிலைய ஊழியருக்குச் சொன்னேன், அவர் பையனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அப்பா அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். அம்மா வேறு பெட்டியில் இருந்திருக்கிறார், பையன் அப்பாவோடு இருக்கிறான் என்று நினைத்து இன்னும் நான்கு நிலையம் போய்விட்டார். அப்பா அம்மாவைத் தேடி மறுபடி கிளம்ப, அம்மா எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்க, பையன் மட்டும் அந்த பெஞ்சிலேயே கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊழியர் அவனிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டாராம். "எனக்கு இல்லை, அவங்க ரெண்டு பேரும்தான் தொலைஞ்சு போயிட்டாங்க" என்றானாம்.

கேட்பக்கம்:

ஸ்டேஷன் ஊழியர். எங்களுக்குக் கதவு மூடும் நேரத்தில் கிடைப்பது சாமான்கள். ஏறும் அவசரத்தில் வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் விழுபவை: போன், ஒற்றைச் செருப்பு, காதில் மாட்டும் அந்தக் குட்டி ஹெட்போன். டோக்கியோவில் ஜேஆர் ஈஸ்ட் ரயில் நிறுவனமும் பேனசோனிக்கும் சேர்ந்து, தண்டவாளக் கற்களுக்குள் விழுந்த ஹெட்போனை உறிஞ்சி எடுக்கத் தனியாக ஒரு வேக்குவம் கருவியை 2020ல் செய்து பார்த்தார்கள். எங்களிடம் இருப்பது நீளமான கைப்பிடி இடுக்கிதான், மின்சாரம் பாயாத பொருளில் செய்தது.

போன் விழுந்தவர்களில் ஒருவரை மறக்கவே முடியாது. அறிவிப்புப் பலகையைக் காட்டி, "அடுத்த வண்டி நான்கு நிமிடம் கழித்து என்று போட்டிருக்கிறீர்கள், நான் அரை நிமிடத்தில் இறங்கி ஏறிவிடுவேன்" என்று என்னிடமே கணக்குச் சொன்னார். பலகை சொல்வது நின்று போகும் வண்டியை. டிப்போவுக்குப் போகும் காலி வண்டியையும், சோதனை வண்டியையும் அது எப்போதும் சொல்லும் என்று நம்பக் கூடாது. அதுவும் போக, வண்டிக்கு மின்சாரம் கொடுக்க ஓரத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட். நடைமேடை மேலே இருந்து பார்க்கத் தாழ்வாகத் தெரியும், கீழே நின்று பார்த்தால் நெஞ்சு உயரத்துக்குக் கிட்ட வரும், பிடித்து ஏற விளிம்பும் கிடையாது. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. அவருக்கு முகமே மாறிவிட்டது, "ஆபீஸ்தான்" என்றார். கண்ட்ரோலில் அனுமதி வாங்கி, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இடுக்கியால் எடுத்துக் கொடுத்தோம். நன்றி சொல்வதற்கு முன்பே, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பரவாயில்லை, பழகிவிட்டது.

எஸ்கலேட்டர் சண்டைகளும் உண்டு. ஒரு பக்கம் நில், ஒரு பக்கம் நட என்பதுதான் பல ஊர்களில் வழக்கம். லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015 கடைசியில் மூன்று வாரம் இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டு இன்னும் நீளமாகச் செய்தார்கள். அது ரொம்ப உயரமான எஸ்கலேட்டர், ஏறி நடப்பவர்கள் குறைவு, அதனால் இரண்டு பக்கமும் நின்றால் அதிகம் பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள். கணக்குப்படி சரி, ஆனால் அங்கே நின்று "நடக்காதீர்கள்" என்று சொன்ன ஊழியர்கள் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது எங்களுக்குத்தான் புரியும்.

ராப்பணி:

உங்களுக்கெல்லாம் ஆள் தொல்லை, எங்களுக்கு நேரத் தொல்லை. கடைசி வண்டி போன பிறகு எங்களுக்கு ராத்திரி முழுக்க இருக்கிறது என்று நினைக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று கண்ட்ரோல் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகும் நாங்கள் சோதித்துப் பார்த்து, தவறி யாராவது போட்டாலும் பாயாதபடி கருவியை மாட்ட வேண்டும், அப்புறம்தான் கால் வைப்போம். முடிக்கும்போதும் அதே சடங்கு தலைகீழாக. கையில் மிஞ்சுவது மூன்று மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். அதற்குள் தண்டவாளத்தில் விரிசல் தேடும் அல்ட்ராசோனிக் சோதனை, கிளிப் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது. நியூயார்க் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடுவதால் அங்கே பல வேலைகளை வண்டி ஓடும்போதே, வண்டி வருவதைப் பார்த்துச் சொல்ல ஆளைக் காவல் வைத்துச் செய்கிறார்கள். மழையே இல்லாத நாளில் கூட அங்கே சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 5 கோடி லிட்டர். லண்டனில் தண்டவாளத்தில் சேரும் தலைமுடியையும் தூசியையும் கையால் வழித்தெடுக்கவே தனிக் குழு உண்டு. மனிதருக்கு இவ்வளவு முடி உதிர்கிறதா என்று கீழே இறங்கினால்தான் தெரியும்.

உள்ளே கொண்டுபோன ஒவ்வொரு கருவியையும் வெளியே வரும்போது எண்ணுவோம். ஒரு நாள் ஒரு ஸ்பேனர் குறைந்தது. தண்டவாளத்தில் கிடந்தால் முதல் வண்டிக்கு ஆபத்து, அதனால் கிடைக்கும் வரை மின்சாரம் போட விடமாட்டோம். டார்ச்சோடு மொத்தக் குழுவும் குனிந்துகொண்டே திரும்ப நடந்தோம். அது வடிகால் மூடியின் மேல், வைத்த இடத்தில் சமர்த்தாக இருந்தது. முதல் வண்டி ஐந்து நிமிடம் தாமதம். மேலே ஏறி வந்தபோது நுழைவாயிலில் ஒருவர் எங்கள் அழுக்கு உடையைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பூரா தூங்கிட்டு இப்பத்தான் வர்றீங்களா" என்றார்.

தினப்பயணி:

நான் வேலை பார்ப்பவன் இல்லை, கேள்வி மட்டும். ஓடி வந்து கதவுக்கு எதிரே நிற்கிறேன், மூச்சு வாங்குகிறது, கண் முன்னால் மூடிவிட்டுப் போகிறீர்கள். ஒரு முறை திறந்தால் என்ன குறைந்துவிடும்?

முன்பெட்டி:

நீங்கள் ஒருவர் என்றால் திறந்துவிடலாம். திறந்தால் எங்கள் வண்டியில் எல்லாக் கதவும் சேர்ந்து திறக்கும், படிக்கட்டில் மெதுவாக வருபவர்கள் எல்லாம் அதைப் பார்த்து ஓட ஆரம்பிப்பார்கள். அவர்களுக்காக இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று திரைமுன் சொல்லிவிட்டார். அடுத்த வண்டி அநேகமாக இதைவிடக் காலியாக இருக்கும், உட்காரவே இடம் கிடைக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர், வெள்ளைக் கம்போடு வருபவர் என்றால் அது வேறு. கேட்பக்கம் போன்றவர்கள் நடைமேடையில் கையைத் தூக்கிக் காட்டினால் எத்தனை நொடி ஆனாலும் கதவு திறந்தே இருக்கும், கண்ட்ரோல் என்ன திட்டினாலும் சரி.

திரைமுன்:

அதற்கெல்லாம் திட்டுவேனா? ரேடியோவில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, பின்வண்டியை சுரங்கத்துக்குள் நிற்க விடாமல் முந்தைய நிலையத்திலேயே கதவைத் திறந்து பிடித்து வைக்கிறேன்.