புதுப்பிப்பு: கரண்ட் போய் வந்தால் லேப்டாப்பில் வைஃபை பெயரே வராத பிரச்சினை (தீர்ந்தது)

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்தால் போனில் வைஃபை எடுக்கும், லேப்டாப்பில் மட்டும் எங்கள் வைஃபை பெயரே வராது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் லேப்டாப்பின் வைஃபை டிரைவரை (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) நீக்கி மறுபடி போட்டேன். பலனில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், பவரைச் சேமிக்க வைஃபை கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். நடுநடுவே அறுந்துபோவது நின்றது, பெயர் காணாமல் போவது நிற்கவில்லை.

கடைசியில் கை கொடுத்தது, "ரூட்டர் எந்தச் சேனலில் இருக்குன்னு பாருங்க தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். சேனல் என்பது வைஃபை அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட பாதை. எங்கள் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தது. கரண்ட் வந்ததும் ரூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடிக்கும். நான் பார்த்தபோது 13. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அந்த ஊர் அமைப்போடு வரும் வைஃபை கார்டுக்கு 12, 13 கண்ணிலேயே படாதாம். என் லேப்டாப் மச்சான் அங்கிருந்து கொண்டுவந்தது! சேனலை 6இல் நிறுத்தினேன். அப்புறம் நாலு தடவை கரண்ட் போனது, நாலு தடவையும் தானாகச் சேர்ந்துகொண்டது.

எதிர்பாராத ஒன்று: நேற்று விண்டோஸ் அப்டேட் ஆனதும் அந்தப் பவர் டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி எடுத்துவிட்டேன்.