திரைக்குப் பின்னால் இருப்பவரைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டா?

கடைசிப்பக்கம்:
வேறொரு இழையில் தூறல் இப்படி எழுதியிருந்தார்: "நடிகரின் சொந்த வாழ்க்கை நமக்கு எதற்கு? படம் பார்த்தோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டியதுதான்." அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரபலங்கள் நடிப்பை மட்டுமா விற்கிறார்கள்? நல்ல மகன், பாசமான அப்பா, இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுப்பவர் என்று ஆளையே அல்லவா விற்கிறார்கள்? விளம்பர வாய்ப்பு வருவதும் அந்த முகத்துக்குத்தான். காசு வாங்கிக்கொண்டு காட்டிய முகம் நிஜமா என்று கேட்டால் மட்டும் "அது என் அந்தரங்கம்" என்று கதவைச் சாத்தினால் எப்படி?

பிரிட்டனின் ஜிம்மி சவிலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றிவைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர், மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டியவர், 1990இல் சர் பட்டம் வாங்கியவர். 2011 அக்டோபரில் இறந்தபோது ஏக மரியாதை. மறு வருஷம் ஒரு தொலைக்காட்சிப் புலனாய்வு வெளியானது. அதன் பிறகு அவர்மீது புகாரோடு முன்வந்தவர்கள் சுமார் 450 பேர். பெரும்பாலானோர் குற்றம் நடந்தபோது சிறுவர் சிறுமியர். அவர் நிதி திரட்டிக் கொடுத்த மருத்துவமனையிலேயே நடந்த கொடுமைகளும் அதில் உண்டு. "சொந்த வாழ்க்கை நமக்கு எதற்கு" என்று இருந்ததன் விலை இது.

தூறல்:
கடைசிப்பக்கம், குற்றத்தையும் அந்தரங்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். குற்றம் யாருடைய சொந்த விஷயமும் அல்ல, அதில் நமக்குள் சண்டையே இல்லை.

ஆனால் சவிலைக் காப்பாற்றியது அந்தரங்க உரிமையா? 2009லேயே போலீஸ் அவரை விசாரித்தது, வழக்கு நகரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சொன்னபோது யாரும் காதுகொடுக்கவில்லை. பிரிட்டனில் கிசுகிசுப் பத்திரிகைகளுக்கா பஞ்சம்? யார் யாரோடு சாப்பிடப் போனார் என்பது வரை எழுதின. அவ்வளவு எட்டிப் பார்த்தும் அவர் சாகும்வரை இந்த ஒன்று அச்சில் ஏறவில்லை. எட்டிப் பார்ப்பது வேறு, புகாரை விசாரிப்பது வேறு.

இப்போது என் உதாரணம். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016இல் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நடுவே நடித்துக்கொண்டே இருந்தார், வெளியே மூச்சு விடவில்லை. 2020இல் மெலிந்துபோய் ஒரு வீடியோவில் வந்தபோது இணையத்தில் எத்தனை பேர் கிண்டல் செய்தார்கள் தெரியுமா? அந்த ஆகஸ்டில் 43 வயதில் போய்விட்டார். தன் நோயை ரசிகர்களிடம் சொல்ல அவர் கடன்பட்டிருந்தார் என்கிறீர்களா?

கடைசிப்பக்கம்:
இல்லை. போஸ்மன் சொல்லாமல் விட்டார், பொய் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் பொய்யை விற்பவர்கள்மேல்.

ராக் ஹட்சன் கதை தெரியுமல்லவா? பெண்களின் கனவு நாயகன் என்று ஹாலிவுட் தூக்கி நிறுத்திய ஆள். தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்பது வெளியே கசியாமல் இருக்க, 1955இல் அவருடைய முகவரின் செயலாளரோடு கல்யாணம். மூன்று வருஷத்தில் விவாகரத்து. 1985 ஜூலையில் பாரிஸில் சுருண்டு விழுந்தபோதுகூட முதலில் கல்லீரல் கோளாறு என்றுதான் செய்தி தந்தார்கள், பிறகுதான் எய்ட்ஸ் என்று ஒப்புக்கொண்டார்கள். அது வெளியே வந்ததால்தானே பலர் முதன்முறையாக அந்த நோயைப் பற்றி வாய்திறந்து பேசினார்கள்? உண்மை வெளிவந்தால் நாலு பேருக்கு நல்லது நடக்கிறது.

தூறல்:
அந்தப் பொய்யை ஆர்டர் கொடுத்து வாங்கியது யார்? உண்மை தெரிந்த மறுநாளே படம் பார்க்க வரமாட்டோம் என்ற ரசிகர்கள்தானே! நாமே முகமூடியை மாட்டிவிட்டு, அப்புறம் "ஏன் முகமூடி போட்டாய்" என்று கேட்பது நியாயமா?

பழைய உதவியாசிரியர்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. "நிஜ முகம்" என்று நீங்கள் நம்புவதும் ஏற்கெனவே தயாரித்ததுதான்.

ஒரு வார இதழில் வேலை பார்த்தபோது "வீட்டில் ஒரு நாள்" பகுதிக்காகப் போயிருக்கிறேன். கேள்விகள் முந்தின நாளே நடிகரின் மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ.வுக்குப் போய்விடும். சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வரும். ஒரு நடிகர் வீட்டில், படிப்பது போல ஒரு படம் வேண்டுமென்று புகைப்படக்காரர் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தால் மேலே பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது! உதவியாளர் நகத்தால் கிழித்துக் கொடுத்தார். அடுத்து சமையலறை. கரண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, சமையல்காரம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு ஃபிரேமுக்கு வெளியே ஒதுங்கிக்கொண்டார். "ஓய்வு கிடைத்தால் சமைப்பேன்" என்பது கட்டுரையின் உபதலைப்பு. நான்தான் வைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குக் காபி வந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். அதை மட்டும் கட்டுரையில் எழுதவில்லை, சுவாரசியம் போதாது என்று.

விமான நிலையத்தில் "தற்செயலாக" எடுக்கப்படும் படங்களிலும் நிறைய முன்கூட்டியே தகவல் சொல்லி வரவழைத்தவைதான். இத்தனை மணிக்கு, இந்த வாசல் என்று செய்தி போய்விடும்.

சும்மா ஒருத்தி:
உதவியாசிரியர் ஐயா சொன்னதையே இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். முகத்தைக் காட்டாமல் இருந்தாலும் பிம்பம் விடாது. அஜித் 2011இல் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் "தல" என்று கூப்பிடாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள், போதும் என்று அறிக்கை விட்டார். பட விளம்பர மேடைகளுக்கும் வருவதில்லை. ரசிகர் வேகம் குறைந்ததா? "எதற்கும் ஆசைப்படாத மனுஷன்" என்று இன்னும் ஏறியது. ரஜினி விக் இல்லாமல், ஒப்பனை இல்லாமல், நரைத்த தாடியோடு மேடை ஏறுகிறார். அது எளிமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எளிமையும் அவருடைய பிம்பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

1956லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். வானொலியிலும் டி.வி.யிலும் தினம் வரும் ஆளை நேயர்கள் தெரிந்தவர் போலவே உணர்கிறார்கள், அவருக்கோ நேயர் யாரென்றே தெரியாது. ஒருவழி உறவு. "எனக்கு உண்மை தெரியணும்" என்கிற கோபம் அந்த உறவிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஆள்மேல் இவ்வளவு உரிமையாகக் கோபப்பட முடியாது.

பாதிப்பயணி:
ஆக, பிம்பமே வேண்டாம் என்பதும் பிம்பம். நான் தூங்கப் போகிறேன்.

கடைசிப்பக்கம்:
சும்மா ஒருத்தி, அப்படிப் பார்த்தால் யாரையும் எதையும் கேட்க முடியாது. எல்லாமே பிம்பம் என்று சொல்லிவிட்டால் பொய் சொன்னவர் சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்.

வாய்தா:
கோடு எங்கே போடுவது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. மாடல் நவோமி கேம்ப்பெல் தனக்குப் போதைப் பழக்கமே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2001இல் ஒரு லண்டன் நாளிதழ், அவர் போதை மீட்புக் கூட்டங்களுக்குப் போகிறார் என்று எழுதி, கூட்டத்திலிருந்து வெளியே வரும் படத்தையும் போட்டது. வழக்கு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 2004இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கேம்ப்பெல் ஜெயித்தார்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் சொன்னது பொய், அவர் போதைப்பொருள் பயன்படுத்தினார், சிகிச்சை எடுக்கிறார் என்று எழுதப் பத்திரிகைக்கு உரிமை உண்டு. அதை அவர் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் எந்தக் கூட்டம், எத்தனை தடவை, வாசலில் நிற்கும் படம் ஆகியவை கூடாது. சிகிச்சை பற்றிய விவரம் அவருடையது. கிடைத்த இழப்பீடு 3,500 பவுண்டுதான்.

கடைசிப்பக்கம்:
இதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்! பொய்யைத் திருத்த உரிமை உண்டு.

தூறல்:
பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்களே. திருத்திய பிறகு நிறுத்து என்பது மீதிப் பாதி. நம்மில் யார் நிறுத்துகிறோம்? பொய் என்று தெரிந்த அன்றே கூட்டம் நடக்கும் வாசலுக்கு காமிரா போய்விடுகிறது.

இன்னொன்று, எட்டிப் பார்த்தால் உண்மை கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபோது "சிரிக்கவைத்தவனுக்குள் சோகம்" என்று எல்லோரும் கதையை எழுதி முடித்துவிட்டார்கள். பிறகு வந்த பிரேதப் பரிசோதனையில் லூயி பாடி என்ற மூளைச்சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. அவருக்கே கடைசிவரை அந்த நோயின் பெயர் தெரியாது. நாம் மட்டும் அவர் மனதுக்குள் போய்வந்த மாதிரி பேசினோம்.

பழைய உதவியாசிரியர்:
அந்த "சோகக் கோமாளி" கட்டுரை எந்த ஊர் இதழிலும் தயாராகவே இருக்கும் தம்பி. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

சும்மா ஒருத்தி:
பொய், உண்மை எல்லாவற்றையும் விடுங்கள். பிரபலங்களின் குழந்தைகள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? பள்ளி வாசலில் நின்று படமெடுக்கிறார்களே.

கடைசிப்பக்கம்:
அதற்கு நானும் எதிரிதான். ஆனால் பெற்றவர்களே குழந்தையின் படத்தைப் போட்டு பால்மாவு விளம்பரம் செய்கிறார்களே, அங்கே அந்தரங்கம் எங்கே போனது?

தூறல்:
அப்படிச் செய்தால் பெற்றவர்களைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அதைக் காரணம் காட்டிப் பள்ளி வாசலுக்கு மட்டும் போகாதீர்கள்.

கடைசிப்பக்கம்:
சரி, பள்ளி வாசல் வேண்டாம். ஹட்சன் விஷயத்தில் இன்னும் நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை. அது வெளியே வராமல் இருந்திருந்தால் நல்லதா?

தூறல்:
வெளியே வந்தது நல்லது. சாகக் கிடந்தபோது, வேறு வழியில்லாமல் வந்தது நல்லதில்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்வேன்.