சபைக் கூட்டத்தில் கேள்வி கேட்பது கனவீனமா?

பின்வரிசை:
எங்கள் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் நடந்தது இது. பொருளாளர் கணக்கு வாசித்து முடித்ததும், வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "கட்டட நிதியிலிருந்து பொதுச் செலவுக்குப் பணம் மாற்றியிருக்கிறது. அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்று கேட்டான். குரலை உயர்த்தவில்லை. கையில் அறிக்கையின் பிரதி, அதில் பென்சிலால் வட்டமிட்ட ஒரு வரி, அவ்வளவுதான். மூத்த மூப்பர் ஒருவர் மைக்கை வாங்கி, "முதலில் பெரியவர்களைக் கனம்பண்ணக் கற்றுக்கொள் தம்பி, அப்புறம் கேள்வி கேட்கலாம்" என்றார். இரண்டு மூன்று பேர் ஆமென் போட்டார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது. கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

நான் இங்கே கணக்கைப் பற்றிப் பேச வரவில்லை. "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" என்கிறது ரோமர் 12:10. அந்த அறையில் கனம்பண்ணத் தவறியது யார்? என் கருத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

பூர்வபாதை:
பையன் கேட்டதில் தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு. மனக்குறை இருந்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று மத்தேயு 18:15 சொல்கிறது. முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல நினைத்துப் புத்திசொல் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தீமோத்தேயுவும் வாலிபன்தான், அதிகாரமும் இருந்தது. அவனுக்கே அந்தக் கட்டுப்பாடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொருளாளர் வேலை சம்பளமில்லாத வேலை. பகலில் தன் பிழைப்பைப் பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து ரசீதுகளை ஒட்டுகிற மனுஷர் அவர். வருஷம் முழுவதும் எட்டிப்பார்க்காதவர்கள் கூட்டத்தன்று மட்டும் வந்து குறுக்கு விசாரணை செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பையன் அப்படிப்பட்டவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூப்பர் ஏன் சுருக்கென்று பேசினார் என்பது எனக்குப் புரிகிறது.

உப்புக்கல்:
ஐயா, வருடாந்தரக் கூட்டம் கேள்வி கேட்பதற்காகவே கூட்டப்படுகிறது. அங்கே கேட்காமல் வேறு எங்கே கேட்பது? மத்தேயு 18 உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. பையன் யாரையும் குற்றம் சாட்டவில்லையே. பொதுப்பணத்தைப் பற்றிப் பொதுவில் கேட்டான்.

பவுல் பணத்தை எப்படிக் கையாண்டார் என்று 2 கொரிந்தியர் 8-இல் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது தீத்துவை அனுப்புகிறார். கூடவே சபைகளே தெரிந்துகொண்ட இன்னொரு சகோதரனையும் அனுப்புகிறார். இந்தத் திரளான பணத்தில் யாரும் எங்களைக் குற்றப்படுத்தக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க நாடுகிறோம் என்று காரணமும் சொல்லிவிடுகிறார். அப்போஸ்தலனே "என்னை நம்பமாட்டீர்களா" என்று கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

பூர்வபாதை:
அந்த அதிகாரத்தில் சொல்வது ஊழியர் எடுக்கவேண்டிய எச்சரிக்கையை. விசுவாசி எழுந்து நிற்க அனுமதி அதில் எங்கே இருக்கிறது? தாவீதைப் பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தன் கையில் அகப்பட்டும், கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோடமாட்டேன் என்றான். சவுல் செய்தது சரி என்று அவன் சொல்லவில்லை. ஸ்தானத்தைக் கனம்பண்ணினான்.

பெரோயா:
தாவீதை அழைத்துவிட்டீர்கள், அப்படியானால் முழு அதிகாரத்தையும் வாசிப்போம். 1 சாமுவேல் 24.

சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டதற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. சவுல் கெபியை, அதாவது குகையை விட்டு வெளியே போனதும் தாவீது பின்னாலேயே புறப்பட்டு, "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று கூப்பிடுகிறான். தரைமட்டும் முகங்குனிந்து வணங்குகிறான். வணங்கிவிட்டு, மனுஷருடைய பேச்சை ஏன் கேட்கிறீர், யாரைத் தேடிப் புறப்பட்டீர், ஒரு செத்த நாயையா, ஒரு தெள்ளுப்பூச்சியையா என்று கேட்கிறான். சவுலோடு வந்திருந்தது மூவாயிரம் பேர். இது தனியறைப் பேச்சே இல்லை. கனமும் கேள்வியும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. சவுலும் அதைக் கனவீனம் என்று சொல்லவில்லை, சத்தமிட்டு அழுது "நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்" என்றான்.

அடுத்தது 1 தீமோத்தேயு 5. பூர்வபாதை ஐயா முதல் வசனத்தை எடுத்தார். கொஞ்சம் கீழே வந்தால், நன்றாய் விசாரணை செய்கிற, அதாவது சபையை நன்றாய் நடத்துகிற மூப்பர்கள் இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரர். சபைகளில் சுவரில் எழுதிவைக்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த வசனம். அதை ஒட்டியே அடுத்தடுத்து என்ன வருகிறது? வேலையாள் கூலிக்குப் பாத்திரன். மூப்பர்மேல் பிராது வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். பட்சபாதம் பார்க்காதே. கனம், கூலி, விசாரணை எல்லாம் ஒரே பத்தி. மூப்பரைக் கனம்பண்ணு என்று சொன்ன அதே மூச்சில் மூப்பரை எப்படி விசாரிப்பது என்றும் பவுல் சொல்லிவிடுகிறார். நாம் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தெர்தியு:
நான் எங்கள் சபையில் ஒலிபெருக்கி மேஜையில் உட்காருகிறவன். அதனால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆண்டு விழா நன்றியுரையில், நன்கொடை கொடுத்தவருக்கு ஒரு பெரிய பத்தி, அவர் குடும்பத்துக்கு இன்னொன்று. கடைசியில் "மற்றும் பல வழிகளில் உதவிய அனைவருக்கும்". அந்த "அனைவரும்" அப்போது பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

என் புனைபெயரைப் பார்த்து யாரோ ஒருமுறை கேட்டார்கள். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவன் தெர்தியு. 16:22-இல் அவனே தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறான். எழுதுகிறவனுக்கும் ஒரு வரி இடம் கொடுத்திருக்கிறார் பாருங்கள். அந்த அதிகாரத்தில் வெறும் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. பெபேயாள் பலருக்கும் ஆதரவாயிருந்தவள், பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள், ரூபின் தாய் எனக்கும் தாய். ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று பவுலுக்குத் தெரிந்திருக்கிறது. 12-இல் முந்திக்கொள்ளுங்கள் என்று எழுதியவர் 16-இல் அதைச் செய்து காட்டுகிறார்.

தொப்பிகழற்றாதவன்:
இந்தச் சண்டையே தேவையில்லாதது. கனம், பட்டம், முன்வரிசை எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். மத்தேயு 23-இல் இயேசு என்ன சொன்னார்? முதன்மையான ஆசனங்களை விரும்புகிறவர்களைச் சாடிவிட்டு, நீங்களெல்லாரும் சகோதரர் என்றார். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் இதை நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பிரபு முன்னாலும் தொப்பி கழற்றமாட்டோம் என்றார்கள். 1670-இல் லண்டனில் அவர்களில் ஒருவரான வில்லியம் பென் விசாரணைக்கு வந்தபோது தலையில் தொப்பி இல்லை. நீதிமன்றமே ஆள்விட்டுத் தொப்பியை மாட்டவைத்து, பிறகு தொப்பி போட்டிருந்ததற்கு அபராதமும் போட்டது. கனம் கேட்டு வாங்குகிறவர்களின் லட்சணம் இதுதான்.

பூர்வபாதை:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பேதுரு "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டு, அதே வசனத்தில் "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்கிறார். தூக்கிப்போடச் சொல்லவில்லை. எல்லாப் படிகளையும் இடித்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்பது வாலிப வயதுக் கனவு. படி இல்லாத இடத்தில் சத்தமாகப் பேசுகிறவன்தான் மேலே உட்காருவான்.

உப்புக்கல்:
கடைசி வரியில் ஐயாவோடு ஒத்துப்போகிறேன். அதிசயம்தான்.

ஆனால் அதே பேதுரு வசனம் உங்களுக்கு எதிராகவும் நிற்கிறது. ராஜாவுக்கு எதைக் கொடுக்கச் சொல்கிறாரோ அதைத்தான் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். அந்த "எல்லாரும்" என்பதில் பென்சில் வைத்திருந்த பையன் இருக்கிறானா இல்லையா? இந்த விவாதம் தொடங்கியதிலிருந்து, பையன் மூப்பருக்குக் கொடுக்கவேண்டிய கனத்தைப் பற்றியே பேசுகிறோம். மூப்பர் பையனுக்குக் கொடுக்கவேண்டியது கணக்கிலேயே வரவில்லை.

ஒழுங்கின் பெயரால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சகோதரரைப் பிடித்துத் தூக்கினார்கள். இது உனக்கான இடமில்லை என்றார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று கேட்டார். பொறுக்கவில்லை. அவரும் ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். தூக்கியவர்கள் ரவுடிகள் இல்லை, சபைப் பொறுப்பாளர்கள். "நீ அங்கே நில்லு, அல்லது என் பாதபடியண்டையிலே உட்காரு" என்று ஏழையிடம் சொல்வதைக் கண்டித்து யாக்கோபு எழுதியது அவர்கள் வேதாகமத்திலும் இருந்தது.

பூர்வபாதை:
சகோதரி, இது அநியாயம். ஒரு மூப்பர் கூட்டத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசினதையும் இனவெறியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். இப்படித் தூக்கி எறிகிற உதாரணமே எதிரில் இருப்பவரைக் கனவீனப்படுத்துவதுதான்.

உப்புக்கல்:
இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. யார் எங்கே உட்காரவேண்டும் என்பதில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இருக்கும் உறுதி ஆபத்தானது என்கிறேன். அவ்வளவுதான்.

மணியோசை:
நான் கத்தோலிக்கன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் இந்தத் தகராறு அப்படியே இருக்கிறது. மடத்தில் இளையவர் மூத்தவரைக் கனம்பண்ணவேண்டும், வரிசை மடத்துக்கு வந்த நாளைப் பொறுத்தது. வயதோ வெளியுலக அந்தஸ்தோ செல்லாது. ஆனால் முக்கியமான விஷயம் வந்தால் தலைவர் எல்லாச் சகோதரரையும் கூட்டிக் கேட்கவேண்டும், ஏனென்றால் எது நல்லது என்பதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று மூன்றாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அதே இடத்தில், சகோதரர் தாழ்மையோடு கருத்துச் சொல்லட்டும், பிடிவாதம் வேண்டாம் என்றும் இருக்கிறது. ஆக பூர்வபாதை ஐயாவுக்கும் பங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது 53-ஆம் அதிகாரம். விருந்தினரைக் கிறிஸ்துவைப்போல ஏற்கவேண்டும், ஏழைகளிடம் கூடுதல் அக்கறை வேண்டும் என்கிறார். பணக்காரருக்கு அவர்மேலுள்ள பயமே மரியாதையை வாங்கிக்கொடுத்துவிடுமாம். பெரிய குறும்புக்காரர்!

பெரோயா:
அதைவிடப் பழையது ஒன்று உண்டு. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாப் பகுதியில் எழுந்த திதஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல். ஆராதனை நடுவில் அந்தஸ்துள்ளவர் வந்தால் ஆயர் வசனத்தை நிறுத்தி எழுந்து போகக்கூடாது, சகோதரரில் ஒருவர் இடம் கொடுக்கட்டும். வயதான ஏழை வந்து இடமில்லை என்றால், தான் தரையில் உட்காரநேர்ந்தாலும் ஆயர் இடம் செய்துகொடுக்கவேண்டும். கனம் எந்தப் பக்கமாக ஓடவேண்டும் என்பதில் அந்தக் காலத்தவருக்குக் குழப்பமே இல்லை.

பின்வரிசை:
சரி, என் கருத்தைச் சொல்கிறேன். பையனைக் கனவீனப்படுத்தினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைவிட அதிகமாகக் கனவீனப்பட்டது பொருளாளர். நான் அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். பையன் கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலைத் திறந்து, தீர்மானப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மஞ்சள் காகிதம் ஒட்டிவைத்த பக்கம். அவரிடம் பதில் இருந்தது. மூப்பர் மைக்கை வாங்கியதும் ஃபைலை மூடிவிட்டார்.

இப்போது சபையில் பாதிப்பேர், அவர் எதையோ மறைக்கிறார் என்று பேசுகிறார்கள். ராத்திரி உட்கார்ந்து ரசீது ஒட்டுகிறவர் என்று பூர்வபாதை ஐயா சொன்னாரே, அந்த மனுஷருக்குத் தன் உழைப்பை எல்லார் முன்னாலும் காட்டக் கிடைத்த ஒரே வாய்ப்பை, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பறித்துவிட்டார்கள்.

பூர்வபாதை:
இது எனக்கு உறைக்கிறது. பொருளாளர் பக்கத்திலிருந்து நான் யோசித்தது, அவர் மனம் புண்படுமே என்ற அளவில்தான். பதில் சொல்ல விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று படவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பையன் கூட்டத்துக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? "இந்த வரியைப் பற்றிக் கேட்கப்போகிறேன்" என்று. அது பயமுமில்லை, அடிமைத்தனமுமில்லை.

பின்வரிசை:
அறிக்கையே வாசலில் நுழையும்போதுதான் கையில் கொடுத்தார்கள், ஐயா.

பூர்வபாதை:
அது நிர்வாகத்தின் தப்பு. முன்கூட்டியே கொடுத்திருக்கவேண்டும்.

உப்புக்கல்:
மூப்பர்? எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

பூர்வபாதை:
அந்த வயதில் ஒரு மனுஷரைச் சபை நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைப்பதை நான் ஏற்கமாட்டேன். பையன் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும், போதும்.

உப்புக்கல்:
பையனை மட்டும் சபை நடுவில் உட்காரவைக்கலாமா? அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிடுவதை எல்லார் முன்னிலையிலும் விட்டு விலகினார், பவுல் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பேதுருவுக்கும் அப்போது சின்ன வயதில்லை.

தெர்தியு:
வீட்டுக்குப் போகட்டும். மைக்கிலும் ஒரு வரி சொல்லட்டும். நான் ஒலியைக் கூட்டிவைக்கிறேன்.

பின்வரிசை:
மூப்பரை நான் வற்புறுத்தப் போவதில்லை. கூட்டக் குறிப்பில் பையனின் கேள்வி பதிவாகியிருக்கிறதா என்று செயலரிடம் கேட்டிருக்கிறேன். பதிவாகியிருந்தால் அடுத்த கூட்டத்தில் பதில் வந்தாகவேண்டும்.

பூர்வபாதை:
பதிவாகவில்லை என்றால்?

பின்வரிசை:
நானே எழுந்து கேட்பேன். பொருளாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான், ஐயா.