ஏஜென்ட் ஆரஞ்சு படங்களைத் திரையில் போடலாமா?

நிழற்படச் சேகர்:
அடுத்த மாதக் கூட்டத்தில் எங்கள் புகைப்படக் குழுவில் பிலிப் ஜோன்ஸ் கிரிஃபித்ஸின் படங்களைப் போடுவதாக இருக்கிறோம். வேல்ஸ்காரர். 1971-ல் வியட்நாம் போரைப் பற்றி அவர் போட்ட புத்தகத்தைப் பார்த்துவிட்டு தெற்கு வியட்நாம் அரசு அவரை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. போர் முடிந்தபின் திரும்பத் திரும்பப் போனார். அமெரிக்க விமானங்கள் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி மருந்தைத் தெளித்த ஊர்களில் உடல் குறையோடு பிறந்த குழந்தைகளை எடுத்து 2003-ல் தனிப் புத்தகமாகவே கொண்டுவந்தார். எல்லாம் கருப்பு வெள்ளை. ஹோ சி மின் நகரத்துத் தூ யூ மருத்துவமனையில் ஜாடிகளில் வைத்திருக்கும் சிசுக்களும் அதில் உண்டு. குழுவில் இரண்டு பேர் "இதெல்லாம் வேண்டாம்" என்கிறார்கள். போர்ப்படம் என்றால் டாங்கியும் புகையும் மட்டும்தானா? நீங்களெல்லாம் என்ன சொல்கிறீர்கள்?

கமலா டீச்சர்:
வேண்டாம் என்கிற இரண்டு பேரோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது சிறப்புக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில். ஆண்டு விழாவுக்குக் கேமராவோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நேராகத் தலை பெரிதாக இருக்கும் பிள்ளையிடம் போவார்கள். அவன் அம்மா "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் அவன் வாயில் வழியும் எச்சிலைத் துடைத்து, சீப்பை எடுத்துத் தலை சீவத் தொடங்குவார். அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும். சீவிய தலை அவர்களுக்கு வேண்டாம். வழிகிற எச்சில்தான் வேண்டும்.

கிரிஃபித்ஸ் பெரிய ஆள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரால் "எடுங்கள்" என்றோ "எடுக்காதீர்கள்" என்றோ சொல்ல முடிந்திருக்கும்?

நிழற்படச் சேகர்:
டீச்சர், நாகசாகியின் தானிகுச்சி சுமிதெருவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1945-ல் அவருக்கு 16 வயது. சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர். குண்டு வெடித்த இடத்திலிருந்து 1.8 கிலோமீட்டர். முதுகு முழுக்க வெந்துபோய் ஒன்றே முக்கால் வருடம் குப்புறப் படுத்தே கிடந்தார். முதுகு ரணமாக அவர் கிடக்கும் அந்தப் படத்தை, 2010-ல் நியூயார்க்கில் நடந்த அணு ஆயுதப் பரவல் தடை மாநாட்டில் அவரே கையில் தூக்கிக் காட்டிப் பேசினார். பாதிக்கப்பட்டவரே காட்டச் சொல்கிறபோது நாம் ஏன் கண்ணை மூட வேண்டும்?

கமலா டீச்சர்:
அவரே தூக்கிக் காட்டினார் என்று நீங்களே எழுதிவிட்டீர்களே சார், என் வாதமும் அதுதான். எண்பது வயது தாண்டிய மனிதர், தன் முதுகு, தன் முடிவு. கிம் ஃபுக்கையும் பாருங்கள். வியட்நாம் போரில் 1972 ஜூன் 8-ல் நேபாம் என்ற எரிகுண்டின் தீயில் வெந்து, உடம்பில் துணியில்லாமல் சாலையில் ஓடிவந்த 9 வயதுச் சிறுமி. அந்தப் படத்துக்காகவே அவரை வியட்நாம் அரசு பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது. பிறகு 1992-ல் கனடாவில் தஞ்சம் புகுந்தார். படம் வந்து ஐம்பது வருடம் கழித்தும் "நான் இனி அந்த நேபாம் சிறுமி இல்லை" என்று அவர் எழுத வேண்டியிருந்தது. பேசத் தெரிந்தவருக்கே இந்தப் பாடு. ஜாடியில் இருக்கும் சிசு யாரிடம் போய்ச் சொல்லும்?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
இரண்டு பேரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1961 முதல் 1971 வரை தெற்கு வியட்நாம் மேல் தெளித்த களைக்கொல்லி 7 கோடி லிட்டருக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் ஏஜென்ட் ஆரஞ்சு. அது வந்த பீப்பாயில் ஆரஞ்சுப் பட்டை போட்டிருக்கும், பெயர் அப்படித்தான் வந்தது. அதிலிருந்த 2,4,5-டி என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கடும் நஞ்சும் சேர்ந்துவிட்டது. விவகாரமே அந்த டையாக்சின்தான்.

ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து "இது டையாக்சினால் வந்தது" என்று யாராலும் சொல்ல முடியாது. குண்டே விழாத ஊரிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. மண்ணில் எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு, தாய்ப்பாலில் எவ்வளவு என்று பார்த்தால்தான் பேச முடியும். சேகர் சார் படத்தைப் போட்டுவிட்டு "பாருங்கள், அமெரிக்கா செய்ததை" என்று சொன்னால், முன் வரிசையில் இருக்கும் ஒரு டாக்டர் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

நிழற்படச் சேகர்:
சரி வாத்தியாரே, அப்படியானால் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பிஃபிடாவுக்கு, வியட்நாமில் போரிட்ட அமெரிக்க வீரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை கொடுக்க 1996-ல் சட்டம் போட்டார்களே, அது எப்படி? வீரர்கள் போட்ட வழக்கில் ரசாயனக் கம்பெனிகள் 1984-ல் 18 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. வியட்நாம்காரர்கள் போட்ட வழக்கை 2005-ல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மருந்து ஒன்றுதான். தெளித்தவனுக்குப் பணம், தெளிபட்டவனுக்கு "ஆதாரம் கொண்டு வா". இந்த நிலைமையில் படத்தையும் காட்டாதே என்றால் அவர்களிடம் வேறு என்னதான் இருக்கிறது?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்கிற படங்களும் இருக்கின்றனவே. ஜப்பானிய புகைப்படக்காரர் நகமுரா கோரோ 1976-ல் வியட்நாமின் தென்கோடியில் கா மாவ் முனையில் எடுத்ததைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செத்துப்போன அலையாத்தி மரங்கள், வெறும் குச்சிகளாக. நடுவில் ஒரு சிறுவன் சும்மா நிற்கிறான். அவன் உடம்பைக் காட்டி எதையும் நிரூபிக்க அவர் முயலவில்லை. பல வருடங்களாக அந்த நாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார்.

அப்புறம் டா நாங் விமான நிலையம், போரின்போது அந்த மருந்தை வைத்திருந்த இடம். டையாக்சின் ஊறிய மண்ணைத் தோண்டி, பெரிய கான்கிரீட் தொட்டியில் கொட்டி மூடி, 335 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். 2012-ல் ஆரம்பித்து 2018 வரை ஓடிய வேலை, அதில் அமெரிக்கப் பணமும் இருந்தது. அதைவிடப் பெரிய தலைவலி இன்னொரு விமானத் தளமான பியென் ஹோவா. போர் இன்னும் முடியவில்லை என்று காட்ட அந்தத் தொட்டியின் படம் போதாதா?

மொக்கை_மணி:
தொட்டி போட்டோவுக்கு எவன் சார் வருவான்? கூட்டம் வேண்டும் என்றால் ஜாடிதான்.

கமலா டீச்சர்:
நான் இவ்வளவு எழுதியதை மணி ஒரே வரியில் சொல்லிவிட்டார். நன்றி.

வன்னியான்:
நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். வியட்நாம் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் கேமராவுக்கு முன்னால் நிற்கிறது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20-ல் இங்கே வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு அம்மாவின் கையிலும் பிள்ளையின் படம். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெருப்பித்ததில் முகமே கலங்கிப்போன படங்களும் உண்டு. படம் எடுக்க வருகிறவர்கள் "இன்னும் கொஞ்சம் மேலே பிடியுங்கோ அம்மா" என்பார்கள். பிடிப்பார்கள். அழுகிற நேரம் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு.

இருந்தும் டீச்சர், உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எடுக்க வேண்டாம் என்று எந்த அம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை. படம் வெளியே போக வேண்டும் என்றுதான் வெயிலில் இருக்கிறார்கள். அவர்களின் கோபம் வேறு. "எனக்கும் ஒரு பிரதி அனுப்பு தம்பி" என்று விலாசம் எழுதிக் கொடுப்பார்கள், ஒன்றும் வராது. எங்கே அச்சாகியது, கீழே என்ன எழுதினார்கள், ஒன்றும் தெரியாது. மரியாதை என்று சொல்லி மூடி வைத்தால், பிள்ளைகள் எங்கே என்று பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் வசதி.

கமலா டீச்சர்:
வன்னியான் அண்ணா, அந்த அம்மாக்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தவர்கள். அவர்கள் படத்தை மூடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மூடச் சொல்லவும் இல்லை. பிரதி அனுப்பாதவன் கதை எங்கள் பள்ளியிலும் உண்டு. நான் சொல்வது வாய் திறக்க முடியாத பிள்ளைகளைப் பற்றி மட்டும்.

நிழற்படச் சேகர்:
சரி, இப்படிச் செய்கிறேன். முதலில் விமானங்கள் தெளித்துப்போன பாதைகளின் வரைபடம், அப்புறம் கா மாவ், அப்புறம் டா நாங் தொட்டி. அதன் பிறகுதான் கிரிஃபித்ஸ். யார், எந்த ஊர், யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாத குழந்தைப் படம் எதையும் போட மாட்டேன். ஆனால் ஜாடிகளை எடுக்க மாட்டேன். அவற்றை வைத்தது புகைப்படக்காரர் இல்லை, அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள். அதன் இயக்குநராக இருந்த நுயென் தி ங்கோக் ஃபுவோங் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் போய்ச் சாட்சியே சொன்னவர். உலகம் பார்க்கட்டும் என்றுதான் வைத்தார்கள்.

கமலா டீச்சர்:
டாக்டர்கள் ஆஸ்பத்திரி அறையில் வைத்தது ஆராய்ச்சிக்கும் சாட்சிக்கும். நீங்கள் காட்டப்போவது டீ, பஜ்ஜி இடைவேளைக்கு நடுவில், லென்ஸ் விலை பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு. இரண்டும் ஒன்று என்று என்னை நம்ப வைக்க முடியாது.

கூட்டத்துக்கு வருகிறேன், வாத்தியாரின் தொட்டியைப் பார்க்க வேண்டும். ஜாடிப் படத்துக்கு முந்தைய படத்திலேயே சொல்லிவிடுங்கள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என்னோடு இன்னும் சிலர் வந்தாலும் வருவார்கள்.

நிழற்படச் சேகர்:
சொல்லிவிடுகிறேன் டீச்சர். விளக்கைப் போட்டுவிட்டே சொல்கிறேன்.