இரும்பு பெஞ்சு துரு, ஆட்டோகேட் அளவு: இரண்டு சந்தேகம், ஒரே பெஞ்சு

உப்புக்காற்று:

வணக்கம். தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. மொட்டை மாடியில் அப்பா காலத்து இரும்பு பெஞ்சு ஒன்று இருக்கிறது. ஒரு இஞ்சு ஸ்கொயர் பைப் சட்டம், மேலே பட்டை வரிசை. கரண்ட் போனால் வீடே அதில்தான் உட்காரும். போன வருஷம் மேலாகத் தேய்த்து நீலப் பெயின்ட் அடித்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் அப்பளம் மாதிரி பொரிந்துவிட்டது. நகத்தால் நெம்பினால் அடியில் செம்மண் போலத் துரு.

இந்த வருஷம் விடக்கூடாது என்று, பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். புதுக் கொலுசு மாதிரி பளபளத்தது. மறுநாள் காலை காபி டம்ளரோடு மேலே போனால் மொத்தமும் ஆரஞ்சு. ஒரு காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மற்ற மூன்றும் கெட்டிதான். இதைத் தேற்ற முடியுமா?

அடுத்தது: இதே அளவில் இன்னொன்று செய்யலாம் என்று பட்டறையில் கேட்டேன். "டிராயிங் கொண்டாங்க" என்றார்கள். முன்பு வேறொரு இடத்தில் ஸ்டூல் செய்தபோது, வாயால் சொன்ன 18 இஞ்சு 16 ஆக வந்தது. கேட்டால் நான்தான் அப்படிச் சொன்னேனாம். அந்தக் கோபத்தில் மாலை வகுப்பில், கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் ஆட்டோகேட் சேர்ந்தேன். வயது 43, கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் ஆன்ட்டி. மூன்று வாரத்தில் கோடு, வட்டம், மிச்சக் கோட்டை வெட்டும் டிரிம், இணைகோடு போடும் ஆப்செட் வரை வந்துவிட்டது. பெஞ்சின் மேல்பாகத்தை 1200க்கு 450 என்று மில்லிமீட்டரில் வரைந்து அளவு போட்டால், அம்புக்குறியும் எண்ணும் தூசி மாதிரிக் கிடக்கின்றன. பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான் என்று படத்தை 0.1 ஆகச் சுருக்கினேன். எண் தெரிந்தது, ஆனால் 1200 இருந்த இடத்தில் 120. இதைக் கொடுத்தால் பொம்மைக்குத்தான் பெஞ்சு வரும். எங்கே தப்பு?

பழைய வெல்டர்:

ஆசிட் ஊற்றியதுதான் தப்பு, தங்கச்சி. அது ஹைட்ரோகுளோரிக். துருவை எடுக்கும், ஆனால் மறுபடி துருவைக் கூட்டுகிற குளோரைடு உப்பை இரும்பிலேயே விட்டுவிட்டுப் போகும். கடல் காற்று கொண்டுவருவதும் அதே குளோரைடுதான். பத்து வருஷத்துக் காற்றை ஒரே நாளில் ஊற்றிவிட்டீர்கள்.

இப்போது முதல் வேலை கழுவுவது. சோடா உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயட்டும். வயர் பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், கடைசியாக 120. பட்டை சட்டத்தோடு சேரும் இடுக்கில்தான் துரு ஒளிந்திருக்கும். மற்ற இடத்தில் செலவழிக்கும் நேரத்தைப் போல இரண்டு பங்கு அங்கே செலவழியுங்கள். தின்னர் துணியால் துடைத்து, கையால் தொடாமல், அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், உங்கள் ஊர்க் காற்றுக்கு விடிவதற்குள் மறுபடி பூத்துவிடும். பிரைமர் இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இரவு.

ஓட்டை விழுந்த காலுக்குப் பெயின்ட் மருந்தில்லை. பைப்புக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்து தின்றிருக்கிறது. கெட்ட பாகத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். அடியில் 3 மில்லி தகட்டை மூடி மாதிரி பற்றவைத்து, அதில் ஒரு ஓட்டை கட்டாயம். சுற்றிலும் அடைத்தாயிற்று என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், வெல்டிங்கில் ஊசி முனை அளவு சந்து எங்காவது இருக்கும். நுழைந்த தண்ணீர் இறங்க வழி வேண்டும்.

டிராயிங் போர்டு:

படத்தைத் தொட்டதுதான் சிக்கல், மேடம். வரைவது எப்போதும் முழு அளவில். சுருக்குவது பிரின்ட் எடுக்கும்போது மட்டும். போர்டில் பென்சில் பிடித்த காலத்தில் நாங்கள் கையிலேயே சுருக்கி வரைந்தோம். உங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஸ்கேல் கட்டளையில் 10 கொடுங்கள், பழைய 1200 திரும்பிவிடும். எண் தூசியாகத் தெரிவதற்குக் காரணம், மில்லிமீட்டரில் வரையத் திறக்கும் மெட்ரிக் டெம்ப்ளேட்டில் அளவு எழுத்தின் உயரம் 2.5 மில்லி. காகிதத்தில் அது சரி, 1200 மில்லி பெஞ்சுக்குப் பக்கத்தில் அது எறும்பு. ஏ4 தாளில் 1:10 என்று எடுக்கப் போகிறீர்கள் என்றால், அளவின் எழுத்தையும் அம்பையும் மட்டும் பெரிதாக்கும் டிம்ஸ்கேல் (DIMSCALE) என்று தட்டி 10 கொடுங்கள். முன்பே போட்ட அளவுகள் மாறாமல் நின்றால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எழுத்து 25 மில்லி ஆகும், தாளில் இறங்கும்போது அதே 2.5. எண் 1200 என்றே இருக்கும். விட்டுவிட்டு வர வேண்டிய மறைகோடுகள் முழுக்கோடாகத் தெரிந்தால், கோட்டின் இடைவெளியை மாற்றும் எல்டிஸ்கேலுக்கும் (LTSCALE) 10. படமே காணாமல் போனால் பதற வேண்டாம்: இசட் என்டர், இ என்டர், முழுப் படமும் திரையில் வந்துவிடும்.

இன்னொன்று. பட்டறைக்காரருக்கு வெளி அளவு மட்டும் போதாது, வெட்டு அளவு வேண்டும். 450 அகலச் சட்டத்தில், இரண்டு நீளப் பைப்புக்கு நடுவே குறுக்குப் பைப் வருகிறது என்றால் அது 450 அல்ல. இரண்டு பக்கமும் 25 போக 400. வகுப்பில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள், அங்கே பைப்புக்குத் தடிமனே கிடையாது. வெல்டர் அண்ணன் சொன்ன ஓட்டையையும் வரைந்துவிடுங்கள். படத்தில் இல்லாத ஓட்டைக்கு டிரில்லை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

மாடித்தோட்டம்:

அக்கா, காலுக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டால் துரு வராது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பழைய வெல்டர்:

தம்பி, ஒரு மழைக்குப் பிறகு அந்த புஷ்ஷைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் கொட்டும். வீட்டுக்குள் சரி, தரை கீறாது. மொட்டை மாடியில் அது கிண்ணம்.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. பழைய பெஞ்சை நேற்று கழுவித் தேய்த்து ரெட் ஆக்சைடு ஒரு கோட் ஆயிற்று. கெட்ட காலைப் பட்டறையில் வெட்டித் தருகிறார்கள். புஷ்ஷைக் கழற்றிப் பார்க்கச் சொன்னதால் மாடியில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியின் புஷ்ஷைக் கழற்றினேன். தண்ணீரோடு ஒரு தேரைக் குஞ்சும் வந்தது.

டிம்ஸ்கேல் வேலை செய்தது. எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெட்டு அளவும் போட்டாயிற்று: நீளப் பைப் 1200 இரண்டு, குறுக்கு 400 மூன்று. உட்காரும் உயரம் 450, அதில் மேல் பட்டை 5, சட்டம் 25, அடித் தகடு 3 போக, கால் 417 நான்கு. கூட்டினால் 5268. ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லி சேதாரம் வைத்தாலும் 6 மீட்டர் பைப் ஒன்றே போதும். பட்டறைக்காரர் இரண்டு பைப் வாங்கச் சொல்லியிருந்தார். தாளைக் காட்டியதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடித் தகட்டு ஓட்டை 5 மில்லி போதுமா, 8 போடவா?

பழைய வெல்டர்:

8. ஐந்து என்றால் உங்கள் பெயின்ட்டே அடைத்துவிடும்.