பாலே நடன வகுப்பில் பிரெஞ்சுச் சொற்கள்: எப்படி மனதில் நிற்க வைப்பது?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):
வயது 34. பத்து வருடம் பரதம் ஆடியவள். இப்போது பங்சாரில் பெரியவர்களுக்கான பாலே வகுப்பு. உடம்பு சமாளிக்கிறது, காதுதான் காலை வாருகிறது. டீச்சர் பிரெஞ்சில் ‘பா த ஷா’ என்றதும் எல்லோரும் பக்கவாட்டில் குதித்தார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பதில் 1:
அர்த்தம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது அக்கா. பா என்றால் அடி, ஷா என்றால் பூனை. முட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பூனை மாதிரி தாவுவது. மற்ற அசைவுகளும் இப்படித்தான்: தான்தூ நீட்டியது, ஜெத்தே எறிந்தது, ஃபோந்தூ உருகியது. ரோன் த ஜாம்ப் காலால் வட்டம். பிலியே மடித்தது, உங்கள் பரதத்தின் அரைமண்டிக்கு (முட்டி மடக்கி நிற்கும் நிலை) தூரத்துச் சொந்தம். ஆனால் அதில் உட்கார்ந்துவிடக் கூடாது, மடங்கியதும் எழ வேண்டும்.

பதில் 2:
எழுத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். ‘பா’வின் கடைசியில் ஒரு எஸ், ‘ஷா’வின் கடைசியில் ஒரு டி. இரண்டும் வாயில் வராது. நான் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். என் மகன் மளிகைச் சாமான் பட்டியல் என்று நினைத்தான்!

பதில் 3:
ஏன் பிரெஞ்சு என்றால், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் பாரிஸில் நடனக் கழகம் தொடங்கினார். அந்தக் காலத்துச் சொற்கள்தான் இன்றும்.

கேட்டவர்:
சரி, பூனை இனி மறக்காது. பிலியேயில் உட்கார்ந்தே இருந்ததற்கு நேற்றே திட்டு வாங்கியாச்சு.