தொடர் செக் கொடுப்பவருக்கு அரைப் புள்ளி எதற்கு?

யானைப்படை:
ராணியோடு இரண்டு சிப்பாய்கள் அதிகமாக வைத்து ஒருவர் ஜெயிக்கும் நிலையில் இருக்கிறார். எதிராளியிடம் மிச்சம் ராணி மட்டும்தான். அதை வைத்து ராஜாவைத் தாக்கி செக், மறுபடி செக் என்று ஓட்டியே டிரா (ஆளுக்கு அரைப் புள்ளி) வாங்கிவிடுகிறார். சீனர்களின் செஸ்ஸான ஷியாங்சியில் இது நடக்காது. விடாமல் செக் கொடுப்பவர்தான் வேறு நகர்த்தலுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் தோல்வி. ஜப்பானிய செஸ்ஸான ஷோகியிலும் தொடர் செக்கால் ஒரே நிலை நான்காம் முறை வந்தால் செக் கொடுத்தவர் தோற்றார். செஸ் மட்டும் ஏன் அவருக்குப் பரிசு கொடுக்கிறது?

கறுப்புக்கட்டம்:
பரிசா? 1872-ல் வியன்னாவில் ஹாம்பே, மைட்னர் ஆடிய ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கறுப்பில் ஆடிய மைட்னர் 9-ஆம் நகர்த்தலில் ராணியையே வெட்டக் கொடுத்து, வெள்ளை ராஜாவைத் தன் பக்கத்துக்கே இழுத்து வருகிறார். பிறகு பிஷப் பி7 கட்டத்தில் வந்து செக். அதை ராஜா வெட்டினால் கறுப்பு ராஜா விலகி வழிவிடும், யானை பி8-க்கு வந்து மேட். நடுவில் ராணி செக் கொடுத்தாலும் தப்பாது. அதனால் வெள்ளை பி5-க்கு ஓட வேண்டும். பிஷப் ஏ6-ல் செக். மறுபடி சி6, மறுபடி பி7. ராணி கையில் இருந்தும் வெள்ளைக்கு வேறு வழியில்லை. 18 நகர்த்தலில் டிரா. இதை உழைக்காமல் வாங்கிய அரைப் புள்ளி என்று எப்படிச் சொல்வது?

யானைப்படை:
அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அழகு வேறு, விதி வேறு. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-இன் தொடக்கம் வரை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழியில்லாத நிலை) ஆக்கியவரே தோற்றதாகக் கணக்கு. அதுவே டிராவாக மாறியிருக்கிறது. இது மட்டும் ஏன் மாறக்கூடாது?

நடுவர்மேசை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொடர் செக்குக்கு என்று தனி விதி இப்போது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் கிடையாது. முன்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம்; வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்த்தல் போனாலும் கோரலாம். 2014 முதல் ஒரே நிலை ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டம் டிரா. அதாவது யானைப்படை சொல்வதற்கு ஒரு விதியை நீக்கினால் போதாது, புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

கறுப்புக்கட்டம்:
ஷியாங்சி ஒப்பீடும் பொருந்தவில்லை. அங்கே ராஜா ஒன்பது புள்ளிகள் கொண்ட அரண்மனையை விட்டு வெளியே வர முடியாது. ஓட இடமில்லாதவனைத் துரத்திக்கொண்டே இருக்கலாம், அதனால் தடை வேண்டும். செஸ்ஸில் 64 கட்டமும் திறந்திருக்கிறது. அத்தனை இடம் இருந்தும் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை என்றால், அது முன்னிலையில் இருப்பவர் தன் ராஜாவைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு.

யானைப்படை:
சரி, ஷோகியில் ராஜா 81 கட்டத்திலும் போகலாமே? அங்கேயும் தடை இருக்கிறது.

கறுப்புக்கட்டம்:
அங்கே வெட்டிய காயைத் தன் காயாகத் திரும்ப இறக்கலாம். செக்கை நிறுத்தினாலும் கையில் ஆயுதம் இருக்கும். செஸ்ஸில் வெட்டுப்பட்ட காய் போனது போனதுதான். பின்தங்கியவருக்கு மிஞ்சுவது பல நேரம் அந்தச் செக் ஒன்றே. உங்கள் விதி இருந்தால் மைட்னர் தோற்றிருப்பார். அப்புறம் யார் 9-ஆம் நகர்த்தலில் ராணியைக் கொடுப்பார்கள்?

யானைப்படை:
அவர் மேட்டைத் தேடித்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன், டிராவுக்காக அல்ல. காய் இறக்கும் வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் மூன்றாம் முறை அதே நிலை வரும்போது மாற வேண்டியவர் செக் கொடுப்பவர்தான். அதில் என் கருத்து மாறவில்லை.